விசிலடித்த பையன்

வால்பாறையில் ஜூன் மாத மழை விட்டிருந்த ஒரு விடியற்காலை. தங்கியிருந்த வீட்டின் பின்பக்க ஓடையோரம் எவனோ விசிலடித்துக்கொண்டிருந்தான். ஒரு மெட்டைத் தொடங்குவான், பாதியில் விட்டுவிட்டு இன்னொன்றுக்குத் தாவுவான். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத பையன் போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தால், பாறைமேல் ஒரு பறவை. கருநீல உடம்பு, நெற்றியிலும் தோளிலும் பளபளக்கும் நீலம். சீகாரப் பூங்குருவி! ஆங்கிலத்தில் இதற்கு ‘விசிலடிக்கும் பள்ளிச்சிறுவன்’ என்றே பட்டப்பெயர் உண்டு. பாடி முடித்த வித்வான் ஓடையில் இறங்கி, நண்டு ஒன்றைப் பிடித்துப் பாறையில் அடித்துச் சாப்பிட்டார்.

பத்து மணிக்குப் புதுத்தோட்டம் பக்கம் போனோம். சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிய துணிப்பாலத்தில் சோலைமந்திக் கூட்டம் ஒன்று வரிசையாகக் கடந்துகொண்டிருந்தது. சிங்கவால் குரங்கு என்றால் எல்லோருக்கும் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. கூட்டத்தில் ஒன்று கம்பளிப்பூச்சியைப் பிடித்து, இலையில் வைத்துத் தேய் தேயென்று தேய்த்து, சுணை போனபிறகு வாயில் போட்டது. என் மகனுக்கு வெண்டைக்காய் அரியக்கூட இன்னும் கை வரவில்லை.

இவ்வளவு கெட்டிக்காரக் கைக்கு ஈடாகக் குரல் பழகும் திறமை மட்டும் குரங்குகளுக்கு வாய்க்கவில்லை. ஜப்பானியக் குரங்குக் குட்டிகளை ரீசஸ் இனக் குரங்குத் தாய்களிடமும், ரீசஸ் குட்டிகளை ஜப்பானியத் தாய்களிடமும் விட்டு வளர்த்துப் பார்த்தார்கள். வளர்த்தவள் எப்படிக் கூப்பிட்டாலும், குட்டிகள் பெரும்பாலும் பிறந்த இனத்தின் குரலிலேயே கத்தின. பாடும் பறவைகளின் கதை நேர்மாறு. 1950களில் வில்லியம் தார்ப் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி, சாஃபின்ச் குஞ்சுகளைப் பெரியவற்றின் பாட்டே காதில் விழாமல் வளர்த்தார். வளர்ந்தபின் அவை பாடியது அரைகுறைப் பாட்டுத்தான். பாட்டைப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். அப்புறம் நம் வீட்டுப் பிள்ளை ‘ங்கா, ங்கா’ என்று ஆரம்பிப்பதுபோல உளறி உளறிப் பழக வேண்டும். முகத்திலும் கையிலும் நமக்குப் பங்காளி குரங்கு. பேச்சுப் பழகும் விஷயத்தில் மட்டும் உறவுமுறை குருவியோடு போய்விடுகிறது. எனக்கு இது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது, குரங்கின் சார்பில்.

மறுநாள் விடியலில் நானும் ஓடைப்பக்கம் நின்று ஒரு பழைய சினிமாப் பாட்டை விசிலடித்துப் பார்த்தேன். பூங்குருவி கண்டுகொள்ளவில்லை. ஜன்னலுக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது: “நேத்து வந்தது நல்லாப் பாடுச்சே, இன்னிக்கு வேற ஏதோ வந்திருக்கு போல.”