எந்தக் காகிதத்தைக் காட்டுவான் தொழிலாளி?

சாலவாக்கம் டீக்கடையில் ஒரு பெரிய மனிதர் நம்மை மடக்கினார்: “ஒரு ஊரில் இருக்கிறவன் அதற்கு ஒரு காகிதத்தைக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? யோக்கியனுக்கு ஏன் பயம்?”

பட்டாவும் சிட்டாவும் பெட்டியில் அடுக்கி வைத்திருப்பவருக்கு இது நியாயமாகத்தான் தோன்றும். ஏரிக்கரைப் புறம்போக்கில் குடிசை போட்டு, மூன்று தலைமுறையாக அவருடைய கழனியில் நாற்று நடுகிறவனிடம் காகிதம் ஏது? பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை வைத்துக் குடவோலைப் பெருமை பேசுகிறார்கள். பத்தாம் நூற்றாண்டில் அந்தக் குடத்துக்குள் ஒருவன் பெயர் விழக் கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். உழுதவன் பெயர் உள்ளே போகவில்லை. காகிதம் கேட்கும் வித்தை நேற்று வந்ததல்ல!

அந்த வித்தை முழு ரூபத்தில் நடந்த இடம் இலங்கை. திருச்சி, மதுரை, சேலம், ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து பஞ்சமும் கடனும் விரட்ட, கங்காணி முன்பணம் காட்டி இழுக்க, நம் ஜனங்கள் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். மண்டபம் முகாமில் அடைத்துச் சோதித்து, எண் பொறித்த தகரத் துண்டைக் கயிற்றில் கட்டி அனுப்பினார்கள். உழைக்க ஆள் தேவைப்பட்டபோது அந்தத் தகரமே போதுமான அத்தாட்சி. யாரும் பாட்டன் பெயரைக் கேட்கவில்லை.

எப்போது கேட்டார்கள்? 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களைப் பிடித்தது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளியின் ஓட்டு இடதுசாரிகளுக்கு விழுந்தது. சேனநாயக்கா சர்க்காருக்கு அடிவயிறு கலங்கியது. மறு வருஷமே பிரஜா உரிமைச் சட்டம் வந்தது: அங்கேயே பிறந்தவனும் தகப்பன் அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் பிறந்ததைக் காட்ட வேண்டும். லயத்து அறையில் பிறந்தவனுக்குத் தன் பிறப்புக்கே பதிவு இல்லாதபோது முப்பாட்டனுக்கு எங்கே போவான்?

1949ல் மனுப்போடும் சட்டம் ஒன்று வந்தது. 1946 ஜனவரி 1க்கு முன், கலியாணமானவர் 7 வருஷம், மற்றவர் 10 வருஷம் தொடர்ந்து குடியிருந்ததை ருசுப்படுத்த வேண்டும். தாயாரின் சாவுக்கு ஊருக்கு வந்து, நோயில் படுத்து, 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் கணக்கு அறுந்தது! குடியிருப்புக்கு அத்தாட்சி எங்கே? செக்ரோலில். செக்ரோல் யாரிடம்? துரையின் ஆபீசில். எந்தத் துரையிடம் கூலி உயர்வுக்குச் சண்டை போட்டானோ, அவனிடமே காகிதத்துக்குக் கைகட்டி நிற்க வேண்டும். (முதலில் பகிஷ்காரம் என்று சொல்லிவிட்டுக் கடைசி மாதங்களில் ஜனங்களை அவதி அவதியாக மனுப்போட விட்டார்கள் தலைவர்கள், அது தனித் தவறு.) 1951 ஆகஸ்டுக் கெடுவுக்குள் சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக மனுக்கள் போயின. தேறியவர் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர்!

மீதிப் பேரை 1964 அக்டோபர் 30ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் பங்கு பிரித்தார்கள். 9,75,000 பேரில் இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி பிறகு. சந்தை மாட்டைக்கூடப் பல்லைப் பார்த்துத்தான் பிரிப்பார்கள். 1948 சட்டத்தை எதிர்த்த சமசமாஜக் கட்சி இந்தச் சர்க்காரில் பங்கு பெற்றிருந்தது என்பதையும் நாம் மறைக்கவில்லை. இந்தியாவுக்கு என்று குறிக்கப்பட்டவன் கப்பல் ஏறும்வரை அங்கே இருக்க “இலவச விசா”, 55 வயதுவரை வேலை! பிறந்த லயத்தில் குடியிருக்க விசா! தேயிலைச் செடிக்கு யாராவது விசா கேட்டார்களா?

பெரிய மனிதருக்கு ஒன்று சொல்கிறோம். 2003ல் அதே இலங்கைப் பாராளுமன்றம், 1964 அக்டோபர் 30 முதல் அங்கே வசிப்பவர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் ஒரு பிரகடனப் படிவத்தின் பேரில் பிரஜா உரிமை தந்தது. நாடு மூழ்கிவிட்டதா? 1949லேயே செய்யக்கூடியதை 54 வருஷம் இழுத்தடித்தார்கள்.

கடலுக்கு இப்பால் நம் சர்க்கார் மட்டும் என்ன வாழ்ந்தது? 1983க்குப் பிறகு உயிர் பிழைத்து ஓடிவந்தவர்களில் மலையகத் தமிழர்களும் உண்டு. அவர்கள் பிள்ளைகள் தமிழ்நாட்டு முகாம்களிலேயே பிறந்து வளர்ந்தார்கள். முகாமுக்கு 2021ல் “மறுவாழ்வு” என்று பெயர் மாற்றியாயிற்று. ஆனால் 2019 டிசம்பரில் டில்லி கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் உண்டு, இலங்கை இல்லை. நம் ஜில்லாக்களிலிருந்து போனவனின் பேரனுக்கு நம் மண்ணில் இடமில்லையாம்!

வருஷக்கணக்காக ஓரிடத்தில் உழைத்தவன் சத்தியம் செய்து கையெழுத்திட்டால் போதும். அது பொய்யென்றால் பொய்யென்று நிரூபிக்கும் பாரம் சர்க்காருடையது. முகாம்வாசிக்கும் இதைக் கேட்கிறோம், புறம்போக்குக் குடிசைக்காரனுக்கும் இதையே கேட்கிறோம்.

அதுவரை, தோழர்களே, தாலுகா ஆபீசுக்கு மனுக் கொண்டுபோனால் ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். புரோக்கரிடம் அசல் காகிதம் எதையும் கொடுக்காதீர்கள். எழுதத் தெரியாதவர்கள் நம் ஆபீசுக்கு வாருங்கள். மனு எழுத நாம் காசு வாங்குவதில்லை.