ஒரு யூரோவுக்கு வீடு கிடைக்கும்... நவம்பரில் அங்கே யார் இருப்பார்கள்? தெற்கு இத்தாலி சிற்றூர்களின் மறுபக்கம்

தெற்கு இத்தாலியின் சின்ன ஊர்களுக்குள் நுழைந்தால் ஒரு காட்சி நம்மூர்க்காரர்களுக்குப் பழகியதாக இருக்கும். சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இறந்தவர் பெயர், வயது, எந்தத் தேவாலயத்தில் எத்தனை மணிக்கு இறுதித் திருப்பலி, துயரத்தில் இருக்கும் குடும்பத்தார் யார் யார் என்ற விவரம். நினைவு நாளுக்குத் தனி போஸ்டர். ஃப்ளெக்ஸ் கிடையாது, கட்சித் தலைவர் படம் கிடையாது. மற்றபடி நம்ம தெருமுனைதான்.

அந்த ஊர்களின் பிரச்சினையும் அதே சுவரில்தான் ஒட்டியிருக்கிறது. 2024இல் இத்தாலி முழுக்கப் பிறந்த குழந்தைகள் சுமார் 3.70 லட்சம். இறந்தவர்கள் சுமார் 6.51 லட்சம். தெற்கில் கூடுதலாக இன்னொன்று: படித்த பிள்ளைகள் மிலானுக்கோ ஜெர்மனிக்கோ போய்விடுகிறார்கள். பாட்டி காலமானதும் வீடு பூட்டப்படுகிறது. வாரிசுகள் நாலு நாட்டில் சிதறிக் கிடப்பார்கள், யார் கையெழுத்துப் போடுவது? பூட்டு துருப்பிடிக்கும், அப்புறம் கூரை இறங்கும்.

இதற்கு அந்த ஊர் நிர்வாகங்கள் கண்டுபிடித்த மருந்துதான் ரீல்ஸில் அடிக்கடி தலைகாட்டும் 'ஒரு யூரோ வீடு'.

ஒரு யூரோ, சரி... மீதி?

2008இல் சிசிலியின் சலேமி ஊரில், அப்போது மேயராக இருந்த கலை விமர்சகர் வித்தோரியோ ஸ்கார்பி இந்த யோசனையைப் பிரபலமாக்கினார். உலகமே திரும்பிப் பார்த்தது 2019இல். அதே தீவின் சம்பூக்கா ஊர், பாழடைந்த வீடுகளை ஒரு யூரோ ஆரம்ப விலையில் ஏலம் விட்டது. ஹாலிவுட் நடிகை லொரெய்ன் பிராக்கோ அங்கே ஒரு வீடு வாங்கிப் புதுப்பித்தது தனி டிவி தொடராகவே வந்தது. 2021இல் ஆரம்ப விலை 2 யூரோ, 2024இல் 3 யூரோ. விலைவாசி அங்கேயும் ஏறத்தான் செய்கிறது!

ஆனால், வாங்குகிறவர் மூன்று வருடத்துக்குள் வீட்டைப் புதுப்பித்தாக வேண்டும். 5,000 யூரோ டெபாசிட் கட்ட வேண்டும். வேலை முடியாவிட்டால் அது போச்சு. ஏலம் ஒரு யூரோவிலேயே நிற்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. கல் வீட்டுக்குக் கூரை, கழிவுநீர்க் குழாய், வயரிங் எல்லாம் போட்டு முடிக்கும்போது செலவு பல பத்தாயிரம் யூரோவைத் தொடும்.

இதற்கு மேல் ஊக்கத்தொகைகள். 2019இல் மோலிசே மாகாணம், குட்டி ஊர்களில் குடியேறித் தொழில் தொடங்குபவர்களுக்கு மாதம் 700 யூரோ என்றது. 2021இல் கலாப்ரியா, 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 28,000 யூரோ வரை அறிவித்தது. எல்லாவற்றையும்விட முக்கியமானது 2019இல் நடைமுறைக்கு வந்த தேசிய வரிச் சலுகை: வெளிநாட்டுப் பென்ஷன் வாங்கும் ஒருவர், 20,000 பேருக்குக் குறைவாக வசிக்கும் தெற்கு ஊர் ஒன்றில் குடியேறினால் (தொடங்கியபோது இருந்த வரம்பு இது), வெளிநாட்டு வருமானத்துக்கு வெறும் 7 சதவீத வரி. அதுவும் 10 வருடம் வரை. இந்த 7 சதவீதத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளவும், பின்னால் தேவைப்படும்.

சின்டெக்ஸ் டேங்கும் டிரைவிங் லைசென்ஸும்

வீடு வாங்கியாயிற்று. வாழ்வது எப்படி?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து நீண்டகால விசாவில் வருபவர் 8 வேலை நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் கிடைப்பது தபால் நிலையத்தில். ஒட்ட வேண்டிய 16 யூரோ ரெவின்யூ ஸ்டாம்ப் கிடைப்பது சிகரெட் கடையில். கைரேகை வைக்க மாவட்டத் தலைநகரின் போலீஸ் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அட்டை கையில் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை தபால் நிலையம் கொடுத்த ரசீதுதான் எல்லாம். பிறகு ஊர்ப் பதிவேட்டில் பெயர் சேர்க்க வேண்டும். அதற்கு உள்ளூர் காவலர் வீட்டுக்கே வந்து, 'இந்த ஆள் நிஜமாவே இங்கதான் இருக்காரா?' என்று பார்ப்பார். அழைப்பு மணிக்குப் பக்கத்தில் பெயர் ஒட்டாமல் விட்டால் வந்தவர் அப்படியே திரும்பிவிடவும் வாய்ப்பு உண்டு. தாலுகா ஆபீஸ் படியேறியவர்களுக்கு இதில் எதுவும் புதிதில்லை. அமெரிக்கப் பென்ஷன்காரருக்குத்தான் ரத்தக்கொதிப்பு ஏறும்.

அவருக்கு அடுத்த அதிர்ச்சி டிரைவிங் லைசென்ஸ். இத்தாலியோடு பரஸ்பர ஒப்பந்தம் இல்லாத நாட்டு லைசென்ஸ், குடியிருப்புப் பதிவுக்குப் பிறகு ஒரு வருடம்தான் செல்லும். அமெரிக்காவுக்கு ஒப்பந்தம் இல்லை, இந்தியாவுக்கும் இல்லை. 40 வருடம் கார் ஓட்டியவர் 65 வயதில் இத்தாலி மொழியில் 30 கேள்விகளுக்கு சரியா தவறா என்று பதில் எழுத வேண்டும். மூன்று தப்புக்கு மேல் போனால் ஃபெயில். பாஸானாலும் முதல் மூன்று வருடம் கற்றுக்குட்டிகளுக்கான வேகக் கட்டுப்பாடு அவருக்கும் உண்டு. பஸ் அரிதாக வரும் மலை ஊரில் கார் இல்லாமல் என்ன செய்வது?

மதியம் ஒரு மணிக்கு ஷட்டர் இறங்கும். நாலு, நாலரை, சில இடங்களில் ஐந்து வரைக்கும் ஊரே அடங்கிவிடும். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டில் டிரில்லிங் மெஷின் போட்டால் அதுதான் அந்தத் தெருவில் அவர் சம்பாதிக்கும் முதல் பகை.

தண்ணீர் கதை இன்னும் நெருக்கமானது. சிசிலியின் உட்பகுதிகளில் குழாயில் தினமும் தண்ணீர் வருவது நிச்சயமில்லை. மொட்டை மாடியிலோ கூரைக்கு அடியிலோ ஒரு டேங்க், நம்ம சின்டெக்ஸ் மாதிரியேதான். முறை வைத்துத் திறந்துவிடும் நாளில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். 2024 வறட்சியில் அந்தத் தீவுக்கு அவசரநிலையே அறிவித்தார்கள். அக்ரிஜெந்தோ, கால்தனிசெத்தா மாவட்டங்களில் ரேஷன் முறை கடுமையானது. 2019இல் சென்னையில் லாரிக்குக் காத்திருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு யூரோ வீட்டு வீடியோக்களில் இந்த டேங்க் வருவதே இல்லை.

நல்ல பக்கமும் உண்டு. காலையில் ஸ்பீக்கரில் கூவிக்கொண்டு காய்கறி வண்டி வரும். நம்மூரில் ஓடும் அதே ஆப்பே மூன்று சக்கர வண்டியின் தாய்வீடு இத்தாலிதான். அரைக் கிலோ தக்காளி வாங்குவதற்குள் எதிர்வீட்டுப் பாட்டி, குழம்புக்கு எது நல்லது என்று பாடமே நடத்திவிடுவார். பாடப்புத்தகத்தில் 'பெல்லா' என்று படித்த வார்த்தையை அந்தப் பாட்டி நாக்கை மடித்து டகர ஒலியில் சொல்வார். இங்கிலீஷ்காரர்கள் அதில் திணறுவார்கள். தமிழ் நாக்குக்குச் சிரமமே இருக்காது.

பிறகு நவம்பர் வரும். கோடைக்கு வந்த நண்பர்கள் லண்டனுக்கும் டெக்சாஸுக்கும் திரும்பிவிடுவார்கள். கல் வீட்டுக்குள் ஈரம் ஏறும். சீசன் கடைகள் மூடியிருக்கும். பாரில் நாலு தாத்தாக்கள் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். அந்த மாதத்திலும் ஊரில் தங்குபவர்தான் நிஜமான குடியானவர். ஏலத்தில் எத்தனை வீடு விற்றது என்று கணக்குக் காட்டும் மேயர்கள், நவம்பரில் எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பார்த்தால் நல்லது.

டாக்டர் எங்கிருந்து வருகிறார்?

வயதான குடியேறிகளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி ஆஸ்பத்திரி. பென்ஷன் விசாவில் இருப்பவர் அரசு மருத்துவத் திட்டத்தில் சேர, 2024 முதல் வருடத்துக்குக் குறைந்தது 2,000 யூரோ கட்ட வேண்டும். கட்டிவிடலாம். டாக்டர் இருக்க வேண்டுமே?

கலாப்ரியாவில் டாக்டர் பற்றாக்குறை அந்த அளவுக்குப் போனதால், 2022இல் மாகாணத் தலைவர் ரொபெர்த்தோ ஒக்யூத்தோ கியூபாவுடன் ஒப்பந்தம் போட்டார். மொத்தம் 497 டாக்டர்கள் வரை. முதல் அணியில் 51 பேர் வந்து இறங்கினார்கள். விமர்சனம் பலமாகவே எழுந்தது. ஆனால் அவசரப் பிரிவுகள் ஓட அவர்கள் தேவைப்பட்டார்கள். சிசிலியின் முசோமெலி மருத்துவமனைக்கு அர்ஜென்டினா டாக்டர்கள் வந்தார்கள். அதில் அந்த ஊரில் குடியேறிய வெளிநாட்டவர் ஒருவரின் முயற்சியும் இருந்தது. எக்ஸ்பாட் என்றாலே ஒயின் கிளாஸோடு செல்ஃபி எடுப்பவர் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்காகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குள் நிலைமை என்ன? பாட்டியைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சாயங்காலம் கைபிடித்துச் சதுக்கத்துக்கு நடத்திக்கொண்டு போவது பெரும்பாலும் ருமேனியா, உக்ரைன் போன்ற நாடுகளிலிருந்து வந்த பெண்கள். 'பதாந்தே' என்று அவர்களுக்குத் தனிப்பெயரே உண்டு. கலாப்ரியாவில் ஆரஞ்சு பறிப்பது மேற்கு ஆப்பிரிக்க இளைஞர்கள். அவர்களில் பலர் தங்கியிருந்தது சான் ஃபெர்தினாந்தோவின் கூடார முகாமில். அங்கே தீப்பிடித்து உயிர்களே போயிருக்கின்றன. சில கிலோமீட்டர் தூரத்தில் காலி வீடுகள் பூட்டிக் கிடக்க, ஆரஞ்சு பறிப்பவருக்குத் தார்ப்பாய். இதைவிட அபத்தமான வீட்டுவசதிக் கொள்கை இருக்க முடியுமா?

இவர்களை யாரும் எக்ஸ்பாட் என்று அழைப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவரைக் குறிக்க இத்தாலியில் ஒரு சொல் உண்டு: 'எக்ஸ்ட்ராகொமுனித்தாரியோ'. அகராதிப்படி அது டெக்சாஸ்காரருக்கும் பொருந்தும், செனகல்காரருக்கும் பொருந்தும். தெருவில் அது யாரைக் குறிக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. இப்போது அந்த 7 சதவீதத்துக்கு வருவோம். இத்தாலியின் வழக்கமான வருமான வரியில் முதல் படியே 23 சதவீதம். வெளியிலிருந்து பென்ஷன் கொண்டுவருபவருக்குச் சலுகை. அங்கேயே உழைப்பவருக்குச் சாதாரண விகிதம்.

அதே சாவி, வேறு கை

காலி வீட்டை வேறு மாதிரி நிரப்பிய ஊரும் இருக்கிறது. கலாப்ரியாவின் ரியாச்சே. 1998இல் குர்து அகதிகளின் படகு ஒன்று அந்தக் கரையில் ஒதுங்கியது. பின்னாளில் மேயரான மிம்மோ லுக்கானோ, பூட்டிக் கிடந்த வீடுகளை அகதிகளுக்குத் திறந்துவிட்டார். கைத்தொழில் கூடங்கள் வந்தன, பள்ளிக்குப் பிள்ளைகள் கிடைத்தார்கள். 2016இல் ஃபார்ச்சூன் இதழ் உலகின் 50 தலைவர்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. 2018இல் கைது. 2021இல் கீழ் நீதிமன்றம் 13 ஆண்டு 2 மாதச் சிறை விதித்தது. 2023 மேல்முறையீட்டில் பெரும்பாலான குற்றச்சாட்டுகள் விழுந்து, தண்டனை 18 மாதமாகக் குறைந்து, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. 2024இல் ஊர் மக்கள் அவரையே மறுபடி மேயராக்கினார்கள். நிர்வாகத்தில் அவர் செய்த தவறுகளைப் பேசலாம், பேசத்தான் வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்துக்குக் குழந்தைகளைக் கொண்டுவந்தது எது என்று கேட்டால், பதில் ஏலம் இல்லை.

சிசிலியின் தலைநகர் பலெர்மோவில் இதைத் தமிழிலேயே கேட்கலாம். போரால் இலங்கையை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்கின்றன; பலருக்கு வீட்டு வேலைதான் பிழைப்பு. நகரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு மலையேறிப் போகிறவர்களில் கத்தோலிக்கத் தமிழரும் உண்டு, இந்துத் தமிழரும் உண்டு. ஊரின் சாமியையே தங்கள் சாமியாக்கிக்கொண்டவர்கள். இதைவிட என்ன ஒட்டுதல் வேண்டும்?

ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் இத்தாலியக் குடியுரிமை கேட்கவே 10 வருடம் சட்டப்படி வசித்திருக்க வேண்டும். அதை 5 ஆகக் குறைக்கலாமா என்று 2025 ஜூனில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் 'சரி' என்றார்கள். ஆனால் வாக்குச்சாவடிக்கு வந்ததே 30 சதவீதம் பேர்தான். பாதிப் பேராவது வந்திருந்தால்தான் முடிவு செல்லும். 10 வருடம் 10 வருடமாகவே இருக்கிறது. பென்ஷன்காரரின் 7 சதவீதச் சலுகைக்கும், பதாந்தே பெண் குடியுரிமைக்கு மனுப்போடக் காத்திருப்பதற்கும் சட்டம் வைத்திருக்கும் காலம் ஒன்றேதான்.