பாட்டியார் மீண்டும் நடக்கட்டும்



தருமபுரி மாவட்டத்துக் கேழ்வரகுக் கொல்லைகளில் களை பறித்தும், தலைச்சுமையுடன் சந்தைக்கு நடந்தும் குடும்பத்தைக் காத்த தாய்மார் பலர், இன்று கட்டிலே கதியெனக் காலம் கழிக்கின்றனர். “வயதாகிவிட்டது, சும்மா இருங்கள் அம்மா” என்று பிள்ளைகள் கூறுவது அன்பினால்தான். ஆயினும் அவ்வன்பே அவர்தம் கால்களைக் கட்டிவிடுகின்றது. உழைக்காத தசை மெலியும். மெலிந்த கால் தடுமாறும். தடுமாறியவர் விழ அஞ்சி மேலும் முடங்குவார்.

முதுமையில் பயிற்சி பயன் தருமா? அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையுள்ள 1,635 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினர் நடைப்பயிற்சியுடன், கால்வலிமைக்கும் சமநிலைக்கும் உரிய பயிற்சிகளைச் செய்தனர். மற்றவர் உடல்நல வகுப்புகளில் கலந்துகொண்டனர். சராசரியாக இரண்டரை ஆண்டுகளுக்குச் சற்று மேல் கவனித்ததில், 400 மீட்டர் நடக்க இயலாமற்போனோர் வகுப்பினருள் நூற்றுக்கு 35 பேருக்கு மேல். பயிற்சியினருள் 30 பேர். வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆனால் 400 மீட்டர் என்பது பலருக்கு வீட்டிலிருந்து கோவிலுக்கோ, பேருந்து நிறுத்தத்திற்கோ உள்ள தொலைவன்றோ!

இதய நோயோ, அண்மையில் எலும்பு முறிவோ உடையோர் முதலில் மருத்துவரைக் கலந்துகொள்க. பிறகு, உறுதியான நாற்காலியிலிருந்து எழுந்து அமர்தலைச் சில முறை செய்க. சுவரைப் பற்றிக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குக. வெயில் ஏறுமுன் முற்றத்தில் ஐந்து நிமிடம் நடக்கத் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுக. பேச்சுத் தடைப்படாத வேகமே போதும். வாரத்திற்கு 150 நிமிடம் நம் இலக்காகட்டும். ஒரு முழங்கால் வலித்தால், கைத்தடியை எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். மார்பு வலியோ தலைச்சுற்றலோ தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக.

ஏற்கெனவே படுக்கையில் விழுந்தோரும் நம்பிக்கை இழக்க வேண்டா. 2021 ஆகஸ்டு 5-இல் அண்டை மாவட்டமாகிய கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டிற்கே வந்து அளிக்கப்படும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியுங்கள்.

பிள்ளைகளே, பெற்றோருக்குத் தண்ணீரைக் கொண்டுவந்து தருவது நன்று. அவர்களே எழுந்து சென்று மொண்டு பருகும்படி, கைகொடுத்து உடன் நடப்பது அதனினும் நன்று. நாம் நடை பயின்ற நாளில் விரல் பிடித்தவர்கள் அவர்களே. இன்று மாலை அரைமணி நேரம் அவர்களுக்கு அளிப்போமா?