சாயநூல் கொள்முதலில் நம் பொறுப்பு

நம் சங்கத்தின் மொத்த விற்பனைப் பண்டகசாலையில் சாயத்தொட்டி இல்லை, புகைபோக்கி இல்லை, ஆற்றுக்கு ஓடும் கழிவுக் கால்வாயும் இல்லை. சாயநூல் சிப்பங்கள் ஒரு வாசலில் வந்து மறு வாசலில் போகின்றன. ஆகவே நீரையும் நிலத்தையும் காக்கும் கடமை சாயமிடுவோர்க்கே உரியது, வாங்கி விற்கும் நமக்கு அதில் என்ன வேலை என்று அங்கத்தினர் சிலர் கேட்கின்றனர். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

பருத்தி நூலில் 'ரியாக்டிவ்' சாயம் நன்கு பற்ற வேண்டுமாயின் தொட்டியில் உப்பை ஏராளமாகக் கொட்ட வேண்டும். சாயம் நூலில் ஏறும், உப்போ ஏறுவதில்லை. அவ்வளவும் கழிவு நீரோடு வெளியேறுகிறது. சுண்ணாம்பிட்டுத் தெளிய வைத்தால் நிறம் குறையும், உப்பு குறையாது. பார்வைக்குத் தெளிந்த அந்த நீர் பயிரைக் கருக்கிவிடும்.

நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று 1992-ல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு அதில் வந்து தேங்கிற்று. அணையைத் திறவுங்கள் என்று மன்றாடுவதே உழவர் வழக்கம்; இங்கோ சில ஆண்டுகளுக்குள், திறவாதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே வேண்டிக்கொள்ளும்படி ஆயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அப்போது கிணறு கெட்ட உழவரோடு கூலி இழந்த தொழிலாளியும் துன்புற்றார். விலையைக் குறைத்துக் குறைத்துக் கேட்டு வாங்கிய வியாபாரிகளை மட்டும் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாங்குவோர் கையில் அதிகாரம் இல்லை என்பது பொய். புற்றுநோய் விளைக்கக்கூடிய அசோ சாயங்களுக்கு ஜெர்மனி 1994-ல் தடை விதித்தது. அந்நாட்டில் துணி வாங்குவோர் சான்று கேட்கலானதும் நம் நாட்டுப் பட்டறைகள் சாயத்தை மாற்றத் தொடங்கின. நம் அரசின் தடை 1997-ல்தான் வந்தது. கொள்முதல் சீட்டில் எழுதும் ஒரு வரிக்கு உள்ள வலிமை அது. அந்தச் சீட்டை எழுதுகிறவர் நம் பண்டகசாலையிலும் இருக்கிறார்.

விவசாய அங்கத்தினருக்கு நாம் விற்கும் பூச்சிமருந்தின் கதையும் இதுவே. 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள், காலிக் கலங்களைத் தீங்கின்றி ஒழிக்கும் கடமையைத் தயாரிப்போர் மீதும் தெளிப்போர் மீதும் வைத்தன. இடையிலுள்ள மொத்த விற்பனையாளரைக் குறிப்பிடவில்லை. குறிப்பிடாததால் நமக்குக் கடமை இல்லை என்று கொள்வோமாயின், வரப்போரம் கிடக்கும் புட்டி மண்ணெண்ணெய்க்கும், சில வீடுகளில் குடிநீருக்குமே பயன்படும்.

'சுற்றுப்புறத்துக்கு அனைவரும் பொறுப்பு' என்று தீர்மானம் எழுதுவது எளிது. அதனால் ஒரு பயனும் இல்லை. தேர்வடத்தை ஊரே பிடித்து இழுக்கலாம். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட வேண்டியவர் இன்னார் என்று முன்னரே குறித்திருக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையும், சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவு நீர் சென்றதற்கான ரசீதும் காட்டாத பட்டறையின் நூலைக் கொள்முதல் அலுவலர் வாங்கலாகாது. மீறினால் அவரே பதில் சொல்ல வேண்டும். விற்ற மருந்துப் புட்டிகளையும் திரும்பி வந்தவற்றையும் பண்டகக் காப்பாளர் தனி ஏட்டில் பதிய வேண்டும். திரும்பியவற்றைத் தயாரிப்பாளரிடமே ஒப்படைக்க வேண்டும். இரண்டு ஏடுகளையும் மூன்று மாதத்துக்கொரு முறை நிர்வாகக் குழுவின் முன் வைப்பது செயலாளர் பொறுப்பு. இவை பணி விதிகளில் பதவியின் பெயரோடு ஏற வேண்டும்.

இனிச் செலவு. சுத்திகரிப்புக்கு ஆகும் தொகையை நூல் விலையில் தனி இனமாகக் காட்டச் செய்ய வேண்டும். பேரம் அதைத் தொடலாகாது. அதையும் பேரத்தில் சேர்த்துக் குறைத்தால், பட்டறைக்காரர் இரவில் வாய்க்காலைத் திறந்துவிட நாமே வழி செய்தவர்களாவோம். இத்தொகையை நெசவாளர் கூலியில் பிடிப்பதை நாம் ஒருபோதும் ஒப்போம். சங்கத்தின் வியாபார லாபத்திலிருந்தே அது வர வேண்டும். பங்கு லாபம் சற்றுக் குறையும்; அதை மறைப்பது முறையன்று. அடுத்த மகாசபையில் இவ்விதிகள் வாக்கெடுப்புக்கு வரும்போது, பங்கொன்றுக்கு எவ்வளவு குறையும் என்ற கணக்கையும் நிர்வாகக் குழு அச்சிட்டு அங்கத்தினர் கையில் கொடுக்க வேண்டும்.