பந்து இருக்கிறது, பயிற்றுநர் எங்கே?

செஞ்சியை அடுத்த அனந்தபுரத்தில் மாலை வேளைகளில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடும் இளைஞர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவர்களுள் கல்லூரி மாணவர் ஒருவர் நல்ல வேகத்தில் பந்து வீசுவார். சில மாதங்களாக அவரைக் களத்தில் காணவில்லை. வழியில் சந்தித்து விசாரித்தேன். இடுப்பு வலியால் ஆட்டத்தையே விட்டுவிட்டதாகச் சொன்னார். வாரத்துக்கு எத்தனை ஓவர் வீசுகிறாய், ஓடிவந்து கால் ஊன்றும்போது உடல் எப்படித் திரும்புகிறது என்றெல்லாம் அவரிடம் யாரும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்க வேண்டியவர் என்று ஒருவர் அங்கு இல்லை.

வேகப்பந்து வீச்சு உடலைக் கடுமையாக வருத்தும் கலை. கால் ஊன்றும் கணத்தில் உடல் எடையைப்போலப் பல மடங்கு விசை முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதியைத் தாக்குகிறது. இடுப்பு ஒரு திசையிலும் தோள் மற்றொரு திசையிலும் முறுக்கிக்கொண்டால் எலும்பில் நுண்ணிய முறிவு ஏற்படும். வளரும் வயதினருக்கு இந்த ஆபத்து அதிகம். ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லிக்கே 1973-இல் முதுகெலும்பு முறிந்தது. தமது வீச்சு முறையைச் சீரமைத்துக்கொண்டுதான் அவர் மீண்டு வந்தார். அவரே 1987-இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்ஆர்எஃப் வேகப்பந்து வீச்சு அறக்கட்டளையின் தலைமைப் பொறுப்பேற்று, 2012 வரை இளைஞர்களுக்கு வழிகாட்டினார். ஜவகல் ஸ்ரீநாத், ஜாகீர் கான் முதலியோர் அங்குப் பயின்றவர்கள்.

நல்ல பயிற்றுநராக விளங்கப் புகழ்பெற்ற வீரராக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. தமிழ்நாட்டு அணிக்காக ஆடிய பரத் அருண் இதற்குச் சான்று. அவர் இந்தியாவுக்காக ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் 2 மட்டுமே. அவற்றில் எடுத்தவை 4 விக்கெட்டுகள். ஆனால், பயிற்றுநராக அவர் கடந்த தொலைவு பெரிது. தமிழ்நாடு அணியைப் பயிற்றுவித்தார். 2012-இல் உலகக் கோப்பையை வென்ற 19 வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பயிற்றுநராக இருந்தார். ஹைதராபாத் ரஞ்சி அணியில் பணியாற்றியபோது முகமது சிராஜை வளர்த்தெடுத்தார். பின்னர் இந்திய அணியின் பந்துவீச்சுப் பயிற்றுநரானார்.

அந்த உழைப்பின் பயனை 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் கண்டோம். முன்னணிப் பந்து வீச்சாளர்கள் பலர் காயமுற்றிருக்க, அனுபவம் குறைந்த இளைஞர்களே களமிறங்கினர். ஆஸ்திரேலியா 1988-க்குப் பிறகு தோற்றறியாத அந்த ஆடுகளத்தில் அவர்கள் 20 விக்கெட்டுகளையும் வீழ்த்தினர். அவர்களுள் ஒருவர் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் த. நடராஜன். டென்னிஸ் பந்தில் வளர்ந்த அவரது வீச்சு முறை, ரஞ்சி கோப்பையில் ஆடத் தொடங்கிய காலத்தில் ஐயத்துக்கு உள்ளானது. பயிற்றுநர்களின் துணையுடன் அதை அவர் திருத்திக்கொண்டார். அந்தத் துணை கிடைக்காதிருந்தால் அவரும் அனந்தபுரத்து மாணவரைப்போலவே ஊரோடு நின்றிருக்கக்கூடும்.

அமெரிக்கக் கல்லூரிகளின் பேஸ்பால் அணிகளில், பந்தெறிவோருக்கென்றே தனிப் பயிற்றுநரை நியமிப்பது வழக்கம். உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற ஈட்டி எறியும் இளைஞர்கள் இருவர், தொலைக்காட்சிப் போட்டி ஒன்றின் வழியாக 2008-இல் அங்குச் சென்றனர். அதுவரை அவர்கள் பேஸ்பால் ஆடியதில்லை. தென் கலிபோர்னியா பல்கலைக்கழக அணியின் பயிற்றுநர் டாம் ஹவுஸ் அவர்களுக்குப் பயிற்சி அளித்தார். அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. இளம் வீரர் ஒரு நாளில் எத்தனை பந்து எறியலாம் என்பதற்கும் அங்கு வயதுவாரியாக வரம்பு வகுத்திருக்கிறார்கள்.

நம் கல்லூரிகளில் பெரும்பாலும் ஓர் உடற்கல்வி இயக்குநரே கபடி முதல் தடகளம் வரை அனைத்தையும் கவனிக்கிறார். அவரைக் குறை சொல்வது நியாயமன்று. கிராமங்களுக்கு விளையாட்டுக் கருவிகள் வழங்கும் அரசுத் திட்டம் பாராட்டுக்குரியது. மட்டையும் பந்தும் சென்று சேரும் இடத்துக்கு அறிவும் சென்று சேர வேண்டாமா?

ஒவ்வொரு கல்லூரிக்கும் சிறப்புப் பயிற்றுநரை நியமிக்க நிதி போதாது என்பார்கள். வட்டத்துக்கு ஒருவரை நியமித்து, சுற்றியுள்ள பள்ளி, கல்லூரிகளுக்கு அவர் முறைவைத்துச் செல்ல ஏற்பாடு செய்யலாம். மாவட்ட அளவில் ஆடி ஓய்ந்த பந்து வீச்சாளர்கள் எத்தனையோ பேர் வேறு வேலைகளில் இருக்கிறார்கள். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் அவர்களுக்குக் குறுகிய காலச் சான்றிதழ்ப் பயிற்சி அளித்தால், ஆள் பற்றாக்குறை பெருமளவு தீரும். பயிற்றுநர் பணிக்கு நிலையான ஊதியமும் மதிப்பும் உண்டு என்ற நிலை வந்தால்தான் திறமையானவர்கள் அதை நாடி வருவார்கள்.

செஞ்சிக் கோட்டையைக் காண எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அதன் அடிவாரத்து ஊர்களில் வளரும் பிள்ளைகளின் திறமையைக் காண வருவோர் இல்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்த மாணவருக்கு வயது இருபதுகூட ஆகவில்லை.