புதுப் பெட்டி வாங்கும் முன் பாதையைப் பாருங்கள்

வீட்டிலிருந்தபடியே இசையை நேரடியாக ஒளிபரப்ப நினைக்கும் புதியவர்களில் பலர் இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார்கள். ஆடியோ இன்டர்பேஸ் வாங்கியாயிற்று. மியூசிக் சாப்ட்வேரில் கீபோர்டு வாசித்தால் ஹெட்போனில் அருமையாகக் கேட்கிறது. ஆனால் ஓ.பி.எஸ். ஸ்டூடியோ மூலம் யூடியூபுக்கு அனுப்பினால் படம் மட்டும் போகிறது, சத்தம் இல்லை. உடனே 'சவுண்ட் கார்டு போய்விட்டது', 'விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கடைக்குப் போனால் இன்னும் விலை கூடிய பெட்டியைக் காட்டுவார்கள்.

இது வீண் செலவு என்பது என் கருத்து. கம்ப்யூட்டரில் எதுவும் கெடவில்லை. சத்தம் போகும் வழி வேறு, ஓ.பி.எஸ். காத்திருக்கும் இடம் வேறு. அவ்வளவுதான்.

பிரவுசர், பாட்டு பிளேயர் போன்றவை தங்கள் சத்தத்தை விண்டோஸின் மிக்சரிடம் கொடுக்கின்றன. அது எல்லாவற்றையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. 2007ல் வந்த விஸ்டாவிலிருந்து இதற்கு வாசாபி என்ற முறை இருக்கிறது. ஓ.பி.எஸ். சத்தத்தைப் பிடிப்பதும் இந்த வழியில்தான். ஆனால் கலப்பதற்குச் சிறிது நேரமாகும். பாட்டு கேட்பவருக்கு அது தெரியாது. வாசிப்பவருக்கோ, கட்டையை அழுத்திய பின் ஸ்வரம் தாமதமாக வந்தால் தாளமே தப்பிவிடும். இதற்காகவே ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997ல் ஏசியோ என்ற டிரைவர் முறையைக் கொண்டுவந்தது. அது விண்டோஸ் மிக்சரைத் தொடாமல் நேராக ஹார்ட்வேருக்குப் போகிறது. பைபாஸில் போகும் பஸ் ஊருக்குள் இருக்கும் ஸ்டாப்பில் நிற்குமா? ஓ.பி.எஸ். அந்த ஊர் ஸ்டாப்பில்தான் காத்துக்கொண்டிருக்கிறது.

பணம் செலவழிக்கும் முன் மூன்று வழிகளை முயன்று பாருங்கள்.

முதலாவது, உங்கள் இன்டர்பேஸில் 'லூப்பேக்' வசதி உள்ளதா என்று அதன் கையேட்டில் பாருங்கள். இருந்தால், வெளியே போகும் சத்தத்தை அதுவே மறுபடி கம்ப்யூட்டருக்குள் அனுப்பும். ஓ.பி.எஸ்.ஸில் அந்த இன்புட்டைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது.

இரண்டாவது, அந்த வசதி இல்லையென்றால் வாய்ஸ்மீட்டர் என்ற சாப்ட்வேர். இதை இலவசமாகவே பயன்படுத்தலாம். பிடித்திருந்தால் பணம் தரலாம். மியூசிக் சாப்ட்வேரில் டிரைவராக வாய்ஸ்மீட்டரின் ஏசியோவையும், ஓ.பி.எஸ்.ஸில் மைக்காக வாய்ஸ்மீட்டரின் வெளியீட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு வழிக்கும் இடையே அது பாலமாக நிற்கும்.

மூன்றாவது, கரோக்கி டிராக்கை ஓடவிட்டுப் பாடுபவர்களுக்கு ஏசியோவே தேவைப்படாமல் போகலாம். மியூசிக் சாப்ட்வேரின் ஆடியோ செட்டிங்கில் வாசாபியின் 'ஷேர்டு' முறைக்கு மாற்றிப் பாருங்கள். உங்கள் குரலை இன்டர்பேஸின் 'டைரக்ட் மானிட்டர்' வழியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

எந்த வழியானாலும் சாம்பிள் ரேட்டை எல்லா இடத்திலும் 48,000 என்றே வையுங்கள். ஓரிடத்தில் 44,100 இருந்தாலும் கரகரப்பு வரக்கூடும்.

சரி, இதையெல்லாம் ஒரு பாட்டு டீச்சர் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? நியாயமான கேள்வி. லினக்ஸில் ஜாக், பல்ஸ் ஆடியோ என்று பிரிந்து கிடந்த வழிகளை பைப்வயர் ஒன்றாக இணைத்துவிட்டது. 2021ல் வெளியான பெடோரா 34ல் அது இயல்பாகவே இடம்பெற்றது. இலவச இயங்குதளத்தில் முடிந்தது, காசு கொடுத்து வாங்கும் விண்டோஸில் ஏன் முடியக் கூடாது? ஏசியோ டிரைவரை விண்டோஸுடனேயே தரப்போவதாக 2024ல் மைக்ரோசாப்ட் அறிவித்தது. நல்ல செய்தி. ஆனால் ஒரு சாப்ட்வேரின் சத்தத்தை இன்னொன்றுக்கு அனுப்பும் வசதியும் அதனுடன் வந்தால்தான் வீட்டு உபயோகிப்பாளருக்குப் பலன்.

இன்டர்பேஸ் தயாரிப்பாளர்களும் அட்டைப்பெட்டியில் '24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்' என்று பெரிதாக அச்சிடுகிறார்கள். புதியவருக்கு அதைவிட முக்கியமான தகவல் லூப்பேக் உண்டா இல்லையா என்பதுதான். நாம் கேட்க ஆரம்பித்தால் அவர்களும் அச்சிடுவார்கள். கடையில் விலையைக் கேட்கும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்.