மறுபடி முளைக்கும்!

திருத்தணியில் மொட்டை போட்டால் கையோடு தலையில் சந்தனம் பூசிவிடுவார்கள். வெயிலுக்குக் குளுகுளுவென்று இருக்கும். ஆடிக் கிருத்திகைக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் ரயில் சிநேகிதர் தன் பையனுக்கு முடி இறக்கப் போகிறேன் என்று கூப்பிட்டார். போனேன். (எனக்கு இறக்க ஒன்றும் இல்லை. என் தலையில் இருந்தவர்கள் எல்லாம் எப்போதோ விருப்ப ஓய்வில் போய்விட்டார்கள்.)

ரயில் சிநேகிதர் என்றால், தினமும் காலையில் சென்னை ரயிலில் துண்டு போட்டு எனக்கு ஸீட் பிடித்து வைக்கிறவர். பையனுக்கு ஏழு வயசு. ஆட்டிசம். இன்னும் ஒரு தடவைகூட 'அப்பா' என்று கூப்பிட்டதில்லை.

வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி, 365. பையன் விடுவிடுவென்று ஏறிவிட்டான். நாங்கள் இரண்டு பேரும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு தடவை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். மேலே, பையன் தலையில் சந்தனம் காய்வதற்குள் சிநேகிதர் சட்டைப் பையிலிருந்து வழவழ காகிதத்தில் ஒரு நோட்டீஸை எடுத்தார். ஸ்டெம் செல் சிகிச்சை. நாலு ஊசி. பேச்சு வரும், கவனம் வரும், ஸ்கூலுக்குப் போவான். அடியில் பொடி எழுத்தில், 'பலன் ஆளுக்கு ஆள் மாறுபடலாம்'.

"சோளிங்கர் ரோட்ல ஒரு மனை இருக்கு சார். அதை வித்தா சரியா வரும். என்ன சொல்றீங்க?"

என்ன சொல்ல? ஸ்டெம் செல் என்பதே டூப் என்று சொல்லியிருந்தால் சுலபமாகப் போயிருக்கும். ஆனால் அது டூப் இல்லை. உதிர்ந்த முடி மறுபடி முளைப்பதும், சிராய்த்த தோல் மூடிக்கொள்வதும் அந்தச் செல்களின் தயவில்தான். எலும்பு மஜ்ஜையில் இருப்பவை இன்னும் சுறுசுறுப்பு. விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் நமக்குள் உற்பத்தியாகின்றன. ஸ்ட்ரைக் இல்லை, போனஸ் இல்லை.

ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஸ்டெம் செல் என்பது இன்னும் ஸீட் ஒதுக்காத புது ஆள். கருவின் ஆரம்பத்தில் இருக்கும் செல்லை எந்த டிபார்ட்மென்ட்டில் வேண்டுமானாலும் போடலாம். மூளை, இதயம், தோல், எதுவும் ஆகும். 1998-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து அதைப் பிரித்து வளர்த்தபோது, கருவை அழிப்பது நியாயமா என்று பெரிய சண்டை நடந்தது. ஜப்பானின் யமனாகா, வளர்ந்த தோல் செல்லையே பழையபடி 'புது ஆள்' ஆக்கும் வித்தையை 2006-ல் எலியிலும் 2007-ல் மனிதச் செல்லிலும் செய்து காட்டியதும் சண்டையில் பாதி அடங்கியது. அவருக்கு 2012-ல் நோபல்.

ஆனால் மஜ்ஜையில் இருக்கும் செல் ஏற்கெனவே ரத்த டிபார்ட்மென்ட்டுக்கு போஸ்டிங் ஆனது. அக்கவுன்ட்ஸில் இருபது வருஷம் இருந்தவரை ஒரே நாளில் டிராயிங் செக்‌ஷனில் உட்கார வைக்கிற கதைதான், அதை ஊசியில் ஏற்றினால் மூளைக்குப் போய்ப் பேச்சு வரவழைத்துவிடும் என்பது.

ரத்தத்தில் அது சாதித்திருப்பதைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். திருத்தணியில் பஸ் ஏறி வேலூரில் இறங்கினால் போதும். அங்கே சி.எம்.சி.யில் 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா நோய் கடுமையாக இருந்த 5 பேரின் சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து, அவர்களிடம் இல்லாத ஜீனை அதற்குள் வைத்து, திரும்ப உடம்பில் செலுத்தினார்கள். கவனித்து வந்த காலம் முழுவதும் 5 பேருக்கும் ரத்தக் கசிவே இல்லை என்று 2024 டிசம்பரில் அறிக்கை வந்தது. அந்த டாக்டர்களும் 5 என்றுதான் எழுதினார்கள். 'எல்லாருக்கும் வாங்க' என்று நோட்டீஸ் அடிக்கவில்லை.

எனக்கு இங்கேதான் கோபம் வருகிறது. வேலூரில் வருஷக்கணக்காகச் சம்பாதித்த பேரை, நாலு ஊசிக்காரர் ஓசியில் வாங்கி போர்டில் எழுதிக்கொள்கிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2007-ல் வெளியிட்ட வழிமுறைகளின் தலைப்பில் 'ஆராய்ச்சி, சிகிச்சை' என்று இரண்டு வார்த்தையும் இருந்தன. 2013-ல் திருத்தியபோது 'சிகிச்சை'யை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். ரத்தம் சம்பந்தமான சில நோய்களைத் தவிர மற்றதெல்லாம் பரிசோதனைதான் என்று 2017 திருத்தமும் சொல்கிறது. பரிசோதனை என்றால் அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. மனையை விற்கச் சொன்னால், அது பரிசோதனையும் இல்லை, சிகிச்சையும் இல்லை.

"பணம் போனா போகுது சார். கெடுதல் ஒண்ணும் இல்லியே?" என்றார்.

இருக்கிறது. ஃப்ளோரிடாவில் ஒரு கிளினிக்கில் 3 பெண்கள் தலைக்கு 5,000 டாலர் கட்டி, தங்கள் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லைக் கண்ணில் போட்டுக்கொண்டார்கள். மங்கலாகவாவது தெரிந்துகொண்டிருந்த பார்வையும் போனது. 2017-ல் மருத்துவப் பத்திரிகையில் வந்த விஷயம்.

சொன்னேன். சிநேகிதர் கொஞ்ச நேரம் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்வீங்க சார். உங்க பையன் பேசறான்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

அவரே தொடர்ந்தார். "இப்ப மொட்டை போட்டேனே, முருகன் மட்டும் கேரன்டியா குடுத்தார்?"

"முருகன் மனையை எழுதிக் கேட்கலையே!"

சிரித்துவிட்டார். நல்லவேளை.

முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் ஒன்று இருக்கிறது, இந்த மாதிரிக் குழந்தைகளுக்கான பயிற்சிகளெல்லாம் உண்டு என்று சொன்னேன். ஏற்கெனவே இரண்டு தடவை போய் வந்தாராம். "ரொம்ப மெதுவா இருக்கு சார்" என்றார். மெதுவாகத்தான் இருக்கும். தினமும் உட்கார வேண்டும், அதற்கு லீவு வேண்டும். எங்கள் இருவர் ஆபீஸிலும் லீவு எவ்வளவு சுலபம் என்பது உங்களுக்கும் தெரியும்.

சாயந்திர ரயிலில் பையன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். தன் தலையைத் தடவினான். எட்டி என் தலையைத் தடவினான். மறுபடி தன் தலை. அரக்கோணம் வரைக்கும் இதே ஆராய்ச்சிதான்.

மனையை இன்னும் விற்கவில்லை. நோட்டீஸையும் இன்னும் கிழித்துப் போடவில்லை. சட்டைப் பையில் தெரிகிறது. தினமும் எனக்கு ஸீட் பிடித்து வைக்கிறார். நான் அதைப் பற்றிக் கேட்பதில்லை. போன வாரம் அவராகவே, "முடி நல்லா முளைச்சிடுச்சு சார்" என்றார்.